பழைய காரும் அளவான குடும்ப வருமானமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீட்டுக் காருக்கு இப்போது பதினெட்டு வயது. அதற்கு முன்பு இருந்ததும் வயதான வண்டிதான். அதனால் உறவிலோ நட்பிலோ யாராவது பழைய கார் வாங்கினாலும், இருக்கிற கார் மக்கர் செய்தாலும் எனக்குத்தான் போன் வரும். கேள்விகள் ஏறக்குறைய ஒன்றேதான், சொல்கிற பதிலும் ஒன்றேதான். எழுதி வைத்துவிட்டால் அனுப்பிவிடலாமே என்று தொகுத்தேன். கேள்விகளை அவரவர் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

பழைய கார் வைத்திருந்தால் நிஜமாகவே காசு மிச்சமாகுமா, இல்லை எல்லாம் ரிப்பேருக்கே போய்விடுமா?

மிச்சமாகும். அது எங்கிருந்து மிச்சமாகிறது என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். புது காரில் நம் கண்ணுக்குத் தெரியாமல் போகிற பெரிய பணம் விலை இறக்கம்தான். முதல் சில வருடங்களில்தான் வண்டியின் மதிப்பு வேகமாகச் சரியும், கடனில் வாங்கியிருந்தால் அப்படிச் சரிந்துபோன மதிப்புக்கும் சேர்த்து வட்டி கட்டிக்கொண்டிருப்போம். பதினைந்து வயதுக் கார் அந்த நஷ்டத்தை வேறு யாரோ ஒருவர் கையில் இருந்தபோதே முடித்துவிட்டு வந்திருக்கிறது.

சிக்கல் வேறு இடத்தில். தவணை மாதாமாதம் ஒரே தேதியில் ஒரே தொகையாக வரும். பழைய காரின் செலவு ஆறு மாதம் சத்தமில்லாமல் இருந்துவிட்டு, பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணம் கட்டிய வாரத்தில் மொத்தமாக வந்து நிற்கும். நான் பார்த்தவரை குடும்பங்கள் திணறுவது அந்தத் தொகையின் அளவைவிட அது வருகிற நேரத்தால்தான். எது எப்போது வரும் என்று ஓரளவு முன்கூட்டியே தெரிந்துவிட்டால் பாதிப் பாரம் இறங்கிவிடும்.

எத்தனை கிலோமீட்டர் ஓடினால் ஒரு கார் கதை முடிந்தது என்று அர்த்தம்?

அப்படி ஓர் எண் கிடையாது. இர்வ் கார்டன் என்ற அமெரிக்கப் பள்ளி ஆசிரியர் 1966-ல் வாங்கிய வோல்வோ பி1800 காரை 2013-ல் 30 லட்சம் மைல் தாண்டும்வரை ஓட்டினார், கிட்டத்தட்ட 48 லட்சம் கிலோமீட்டர். கையேட்டில் சொன்ன பராமரிப்பைத் தவறாமல் செய்தார், அவ்வளவுதான். எல்லோராலும் அது முடியாது என்றாலும், இரண்டு லட்சம் கிலோமீட்டரைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை என்பதற்குச் சொல்கிறேன்.

ஒரு காரில் இரண்டு விதமான வயது ஓடிக்கொண்டிருக்கிறது. இரும்பும் அலுமினியமும் கிலோமீட்டருக்குத் தேயும். ரப்பர், பிளாஸ்டிக், பிரேக் ஆயில், எஞ்சினைக் குளிர்விக்கிற கூலன்ட் இவையெல்லாம் வண்டி நின்றுகொண்டிருந்தாலும் வருடத்துக்கு வருடம் கெட்டுக்கொண்டே வரும். அதனால்தான் 'டாக்டர் ஓட்டிய வண்டி, வீட்டிலேயே நின்றது, வெறும் முப்பதாயிரம் கிலோமீட்டர்' என்று சொல்லி விற்கப்படும் இருபது வயதுக் காரைவிட, நெடுஞ்சாலையில் ஒழுங்காக ஓடி ஒழுங்காக ஆயில் மாற்றப்பட்ட கார் பல நேரம் நல்ல நிலையில் இருக்கும். தினமும் இரண்டு கிலோமீட்டர் மட்டும் ஓடி நிற்கிற எஞ்சின் சரியாகச் சூடாவதே இல்லை, உள்ளே படிகிற ஈரமும் எரியாத பெட்ரோலும் ஆவியாகாமல் ஆயிலிலேயே தங்கிவிடும்.

மாதம் எவ்வளவு எடுத்து வைக்க வேண்டும்?

போன வருடம் காருக்குச் செய்த எல்லாச் செலவையும் கூட்டிப் பன்னிரண்டால் வகுத்து அந்தத் தொகையை வையுங்கள். கணக்கே இல்லையென்றால், இதே அளவுள்ள புது கார் வாங்கியிருந்தால் என்ன தவணை கட்டியிருப்பீர்களோ அதில் மூன்றில் ஒரு பங்கு. இது என் வீட்டுக் கணக்கு, எங்களுக்கு இதுவரை போதுமானதாக இருக்கிறது. வீட்டுச் செலவுப் பணத்தோடு கலக்காமல் தனிக் கணக்கில் போடுங்கள், கலந்தால் கண்டிப்பாகக் கரைந்துவிடும்.

அப்புறம் ஒரு நோட்டு போடுங்கள். டேஷ்போர்டு அறைக்குள் அடங்குகிற சின்ன நோட்டு போதும். தேதி, கிலோமீட்டர், என்ன மாற்றியது, எவ்வளவு ஆனது, இந்த நான்கு மட்டும். எங்கள் நோட்டின் கடைசிப் பக்கத்தில் 'அடுத்து வரப்போவது' என்று ஒரு பட்டியல் இருக்கிறது. இப்போது அதில் முன் டயர் இரண்டு, கிளட்ச், பின் ஷாக் அப்சார்பர். இந்த மூன்றும் வந்தே தீரும் என்று தெரிந்துவிட்டதால் வரும்போது வீட்டில் யாரும் பதறுவதில்லை.

எனக்கு வண்டியைப் பற்றி ஒன்றுமே தெரியாது. நானே என்ன பார்த்துக்கொள்ள முடியும்?

வாரத்துக்குப் பத்து நிமிடம். காலையில், வண்டியை எடுப்பதற்கு முன், சமதளத்தில் நிற்கும்போது பானட்டைத் திறங்கள். ஆயில் குச்சியை உருவிப் பழைய துணியால் துடைத்துவிட்டு, மறுபடி முழுதாகச் செருகி, மறுபடி உருவுங்கள். இரண்டாவது முறை வருகிற அளவுதான் உண்மையான அளவு. குச்சியின் நுனியில் இரண்டு கோடுகள் இருக்கும், அவற்றுக்கு நடுவில் ஆயில் நிற்க வேண்டும். பல கார்களில் கீழ்க்கோட்டுக்கும் மேல்கோட்டுக்கும் இடையே உள்ள வித்தியாசம் ஏறக்குறைய ஒரு லிட்டர். விரலில் தொட்டுத் தேய்த்துப் பாருங்கள்: கறுப்பாக இருப்பது சாதாரணம், நறநறவென்று மணல் போல இருந்தால் உடனே காட்ட வேண்டும்.

அடுத்து கூலன்ட் டப்பாவில் அளவு, டயரில் காற்று, எல்லா விளக்குகளும் எரிகின்றனவா என்பது. கடைசியாக, இரவு வண்டி நின்ற இடத்தில் தரையைப் பாருங்கள். ஏசி போட்டிருந்தால் சுத்தமான தண்ணீர் சொட்டும், அது இயல்பு. பச்சையோ சிவப்போ கறுப்போ தெரிந்தால் நோட்டில் எழுதுங்கள். இவ்வளவு செய்தாலே பெரிய ரிப்பேர்களில் பல தலைகாட்டும் முன்பே பிடிபடும்.

காலையில் செல்ஃப் எடுக்கவில்லை. பேட்டரியை மாற்றிவிடட்டுமா?

அவசரப்படாதீர்கள். முதலில் பேட்டரி முனைகளைப் பாருங்கள். வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால், கழற்றி (மைனஸ் முனையை முதலில்) வெந்நீரும் பழைய பிரஷ்ஷும் கொண்டு தேய்த்துக் காயவைத்து இறுக்கமாக மாட்டினாலே பல வண்டிகள் ஸ்டார்ட் ஆகிவிடும். அதற்கும் கேட்காவிட்டால் ஒரு மலிவான வோல்ட் மீட்டர் போதும். இரவு முழுக்க நின்ற நல்ல பேட்டரி 12.6 வோல்ட் அருகே காட்டும். எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை வர வேண்டும், வரவில்லையென்றால் கோளாறு பெரும்பாலும் பேட்டரியைச் சார்ஜ் செய்கிற ஆல்டர்னேட்டர் பக்கம், புது பேட்டரி போட்டாலும் சில நாளில் அதுவும் படுத்துவிடும்.

ஆயில் குறைந்துகொண்டே வருகிறது, ஆனால் தரையில் ஒரு சொட்டு இல்லை. எங்கே போகிறது?

பெரும்பாலும் எஞ்சினுக்குள் எரிகிறது. பின்னால் வருகிறவரை நீலப் புகை தெரிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இரவெல்லாம் நின்று காலையில் ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் ஒரு குப்பென்று வந்து அடங்கினால் வால்வு சீல் காய்ந்திருக்கலாம். மேடு ஏறும்போதும் அழுத்தி ஓட்டும்போதும் தொடர்ந்து வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். கறுப்புப் புகை என்றால் அது வேறு, பெட்ரோலோ டீசலோ தேவைக்கு அதிகமாகப் போகிறது.

இதற்காக உடனே எஞ்சினைப் பிரிக்க வேண்டாம். 1,000 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர்வரை குறைவதைப் பல கார் நிறுவனங்களே ஏற்கத்தக்க எல்லை என்கின்றன. அதற்குக் கீழே என்றால் அளவு பார்த்து ஊற்றி ஓட்டுவது, எஞ்சின் வேலையைவிட எத்தனையோ மடங்கு மலிவு. நிபந்தனை ஒன்றுதான்: குச்சியைப் பார்க்கிற பழக்கம் தவறக்கூடாது. ஆயில் எரிக்கிற வண்டியில் ஆயில் வற்றிப்போய் எஞ்சின் ஜாம் ஆனால் அதற்கு மேல் பேச ஒன்றுமில்லை.

டெம்பரேச்சர் முள் மேலே ஏறுகிறது, வீடு பக்கத்தில்தான். மெதுவாக ஓட்டிக்கொண்டு போய்விடலாமா?

வேண்டாம். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள். முந்தைய காரில் நான் செய்தது அதுதான். பின் சீட்டில் இரண்டு பிள்ளைகளும் தூங்கிக்கொண்டிருந்தார்கள், வீட்டுக்கு இரண்டு கிலோமீட்டர், முள் சிவப்பைத் தொட்டிருந்தது. எழுப்பி இறக்கி நிற்க வேண்டுமே என்று ஓட்டினேன். வீட்டு வாசலில் நிறுத்தியபோது பானட் ஓரமெல்லாம் ஆவி, லேசான இனிப்பு வாடை. அடிப்பக்க ஹோஸ் ஒன்று உப்பி, கிளிப் பக்கத்தில் விரல்நகம் அளவு வெடித்திருந்தது. ஹோஸுக்கு ஆகியிருக்கும் செலவு ஒரு நேரத்துக்குப் பெட்ரோல் போடுகிற அளவுகூட இல்லை. எஞ்சினின் ஹெட் வளைந்து, அதன் அடியில் கசிவைத் தடுக்கிற கேஸ்கெட் போனதால் நான்கு மாத சேமிப்பு போனது.

காரணம் எளிது. பல எஞ்சின்களில் மேல்பாகமான ஹெட் அலுமினியம், அடிப்பாகம் இரும்பு. சூட்டில் அலுமினியம் இரும்பைவிட அதிகம் விரியும், அளவுக்கு மீறினால் வளையும். முள் ஏறினால் ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுதாகத் திறந்து (கொஞ்சம் சூட்டை அது இழுக்கும்), பாதுகாப்பான இடம் கிடைத்த உடனே நிறுத்தி எஞ்சினை அணையுங்கள். ரேடியேட்டர் மூடியைச் சூட்டில் திறக்கவே கூடாது. உள்ளே அழுத்தத்தில் இருப்பதால் கூலன்ட் 100 டிகிரி செல்சியஸைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும், மூடி திறந்து அழுத்தம் போன கணத்தில் மொத்தமும் கொதித்து முகத்தில் அடிக்கும். மேல் ஹோஸைக் கையால் அழுத்த முடிகிற அளவு ஆறும்வரை காத்திருங்கள்.

கூலன்ட்டுக்குப் பதில் வெறும் தண்ணீர் ஊற்றி வருடக்கணக்கில் ஓட்டுகிறவர்களும் கேட்கிறார்கள். வழியில் ஆபத்துக்கு ஊற்றலாம், அதற்கு மேல் விடாதீர்கள். துருவைத் தடுக்கிற சரக்கு தண்ணீரில் கிடையாது, உள்ளே அரித்து ரேடியேட்டரையும் வாட்டர் பம்பையும் சேர்த்துக் கொண்டுபோகும்.

வண்டி நன்றாகத்தானே ஓடுகிறது, டைமிங் பெல்ட்டை ஏன் மாற்றச் சொல்கிறார்கள்?

பிஸ்டனையும் வால்வையும் ஒரே தாளத்தில் ஓட வைக்கிற பெல்ட் அது, அறுகிற நாள்வரை நன்றாகத்தான் ஓடும். பல எஞ்சின்களில் அது அறுந்தால் பிஸ்டன் போய் வால்வில் மோதிவிடும், அதோடு எஞ்சின் காலி. காரைப் பொறுத்து 60,000 முதல் 1,60,000 கிலோமீட்டருக்குள் ஓர் இடைவெளி கையேட்டில் இருக்கும், கூடவே இத்தனை வருடம் என்றும் இருக்கும், எது முதலில் வருகிறதோ அது. சில எஞ்சின்களில் பெல்ட்டுக்குப் பதில் செயின், உங்களுடையது எது என்று முதலில் கேளுங்கள். பழைய கார் வாங்கி, மாற்றியதற்கான சீட்டு இல்லையென்றால் மாற்றவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். வாட்டர் பம்ப்பும் அந்த பெல்ட்டிலேயே ஓடுகிறதென்றால் அதையும் அப்போதே மாற்றுங்கள், இல்லாவிட்டால் அதே கூலியை இரண்டு முறை கொடுப்பீர்கள்.

எதில் மட்டும் சிக்கனம் பார்க்கவே கூடாது?

பிரேக், டயர், ஸ்டியரிங், சீட் பெல்ட். கதவு, கண்ணாடி, சீட், பம்பர், விளக்கு, ஆல்டர்னேட்டர்கூட பழைய வண்டியிலிருந்து கழற்றியதைத் தாராளமாகப் போடலாம், நானும் போட்டிருக்கிறேன். பிரேக் பேட், ஏர்பேக், சீட் பெல்ட் மூன்றையும் அப்படி வாங்காதீர்கள். ஒரு விபத்தை ஏற்கெனவே தாங்கிய பெல்ட்டா என்று பார்வைக்குத் தெரியாது.

டயரில் பட்டன் (தரையைப் பிடிக்கிற வரிப்பள்ளம்) ஆழத்தை மட்டும் பார்த்தால் போதாது. பல நாடுகளில் சட்டப்படி குறைந்தபட்சம் 1.6 மில்லிமீட்டர், மழையில் அதற்கு முன்பே பிடிப்பு குறைந்துவிடும். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று அச்சாகியிருக்கும், 2319 என்றால் 2019-ம் வருடத்தின் 23-வது வாரம் செய்தது. பட்டன் நன்றாக இருந்தும் பத்து வயதாகிவிட்ட டயரை விடுங்கள், ரப்பர் உள்ளுக்குள் காய்ந்திருக்கும். ஸ்டெப்னியையும் பாருங்கள், எல்லோரும் மறப்பது அதுதான்.

பிரேக் ஆயிலைப் பற்றி யாருமே கேட்பதில்லை, ஆனால் சொல்லியாக வேண்டும். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 வகை ஆயிலுக்குத் தர விதி கேட்கும் குறைந்தபட்சக் கொதிநிலை புதிதாக இருக்கும்போது 205 டிகிரி, ஈரம் ஏறியபின் 140 டிகிரிதான். மலைப்பாதையில் இறங்கும்போது பிரேக் சூடேறி உள்ளே கொதித்தால் ஆவிக் குமிழ்கள் வந்து பெடல் பஞ்சு போல அமுங்கும். பொதுவாக இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வார்கள், செலவும் குறைவு.

என்னென்னவோ சத்தம் வருகிறது. எதற்குப் பயப்பட வேண்டும்?

வளைக்கும்போது டக்டக் என்றால் ஆக்சில் மூட்டு. வேகம் கூடக்கூட ஏறுகிற ஊளைச் சத்தம் வீல் பேரிங். பிரேக் அழுத்தினால் கீச்சென்றால் பேட் முடியப்போகிறது, கரகரவென்று இரும்போடு இரும்பு உரசினால் முடிந்தேவிட்டது, ஓட்டாதீர்கள். குழியில் இறங்கும்போது மட்டும் டொக்கென்றால் பெரும்பாலும் புஷ் அல்லது லிங்க், ஆனால் சக்கரத்தைப் பிடித்திருக்கிற பால் ஜாயின்ட்டாக இருந்தால் ஆபத்து. தூக்கி நிறுத்தி ஆட்டிப் பார்க்கச் சொல்லி உறுதி செய்துகொள்ளுங்கள்.

செக் எஞ்சின் விளக்கு ஒரு வருடமாக எரிகிறது, ஒன்றும் ஆகவில்லை. அப்படியே விடலாமா?

நிலையாக எரிந்தால் சில நாட்களுக்குள் பாருங்கள். விட்டுவிட்டு மின்னினால் எஞ்சின் மிஸ்ஃபயர் ஆகிறது, அதாவது பெட்ரோல் சரியாக எரியவில்லை, அந்த எரியாத பெட்ரோல் போய் புகையைச் சுத்தம் செய்கிற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சுட்டுப் பாழாக்கும், அழுத்தி ஓட்டாமல் நிறுத்துங்கள். ஒரு வருடமாக எரிகிற விளக்கில் இருக்கிற பெரிய தொல்லை, நாளைக்குப் புதிதாக ஒரு கோளாறு வந்தாலும் அது சொல்லத் தெரியாது, ஏற்கெனவே எரிந்துகொண்டுதானே இருக்கிறது.

காரின் கோளாறுக் குறியீட்டைப் படிக்கிற ஓபிடி ரீடர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், போனிலேயே பார்க்கலாம். ஆனால் அது காட்டுகிற குறியீடு வலிக்கிற இடத்தைச் சொல்லுமே தவிர நோயைச் சொல்லாது. கன்வெர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்கிற பி0420 குறியீடு வந்ததும் கன்வெர்ட்டரையே மாற்றச் சொல்வார்கள், அது விலை உயர்ந்த பாகம். சைலன்ஸர் குழாயில் ஓட்டையோ பழுதான ஆக்சிஜன் சென்சாரோகூட அதே குறியீட்டைக் கொண்டுவரலாம், முதலில் அவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள்.

மெக்கானிக் ஏமாற்றுகிறாரா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

'பிரேக் பேட் மாத்துங்க' என்று சொல்லிக் கொடுக்காதீர்கள். 'மெதுவா போகும்போது பிரேக் போட்டா ஸ்டியரிங் ஆடுது' என்று நடப்பதைச் சொல்லுங்கள். கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். பெரிய பட்டியல் நீட்டினால், 'அண்ணே, இதுல எது இன்னைக்கே செய்யணும், எது மூணு மாசம் தாங்கும்?' என்று கேளுங்கள். நல்லவர் உடனே பிரித்துச் சொல்வார், அந்த 'மூன்று மாதம்' பட்டியல் நேராக மேலே சொன்ன நோட்டின் கடைசிப் பக்கத்துக்குப் போகட்டும். எல்லாமே இன்றைக்கே என்றால் இன்னொரு ஷெட்டில் காட்டுங்கள்.

அப்படி ஒருவர் கிடைத்துவிட்டால் விடாதீர்கள். அவர் கூலியில் பேரம் பேசாதீர்கள், பழைய கார் வைத்திருக்கிற குடும்பத்துக்கு அவர் வீட்டு மனிதர் மாதிரி.

ரிப்பேர் செலவு வண்டியின் விலையையே தாண்டுகிறது. இனியும் செய்வது முட்டாள்தனமா?

வண்டியின் விற்பனை விலையோடு ஒப்பிடுவதில்தான் எல்லோரும் தடுமாறுகிறார்கள். நீங்கள் விற்கப் போவதில்லையே. கேட்க வேண்டியது: இந்தப் பணத்தைப் போட்டால் எத்தனை மாதம் நிம்மதியாக ஓடும், அதே மாதங்களுக்கு வேறு வண்டி வைத்திருந்தால் எவ்வளவு ஆகும்? கிளட்ச் போட்டு இன்னும் மூன்று வருடம் என்றால் போடுங்கள். ஏற்கெனவே போட்ட பணத்தை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள், அது திரும்பி வராது.

துரு மட்டும் வேறு. கதவு ஓரத்துத் துரு பார்வைக்குத்தான் அசிங்கம். அடித்தளச் சட்டம், சஸ்பென்ஷன் பிடிமானம், சீட் பெல்ட் கொக்கி மாட்டியிருக்கும் இடம், இங்கெல்லாம் ஸ்க்ரூடிரைவரால் குத்தினால் உள்ளே இறங்குகிறது என்றால், எஞ்சின் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அந்த வண்டியை விட்டுவிடுங்கள்.

பிள்ளைகளைப் பழைய காரில் கூட்டிப்போவது தப்பில்லையா?

என்னையும் இரவில் தூங்கவிடாத கேள்வி இது. மழுப்பாமல் சொல்கிறேன்: புதிய கார்கள் விபத்தில் அதிகம் காப்பாற்றும். மூன்று முனை சீட் பெல்ட்டை வோல்வோவின் நில்ஸ் போலின் 1959-லேயே கொண்டுவந்துவிட்டார், சறுக்கலைக் கட்டுப்படுத்தும் ஈஎஸ்சி 1995-ல்தான் கார்களில் வந்தது, மலிவான கார்களுக்கு இறங்க இன்னும் பல வருடம் ஆனது. அதனால் அடுத்த பழைய கார் வாங்கும்போது தோற்றத்தையும் ஏசியையும் விட்டுக்கொடுத்தாவது ஏபிஎஸ் (பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது), ஈஎஸ்சி, ஏர்பேக் மூன்றும் உள்ளதைத் தேடுங்கள்.

இருக்கிற காரில் செய்யக்கூடியது: பின் சீட் பெல்ட்டுகளை முழுதாக இழுத்து, நைந்திருக்கிறதா, வெடுக்கென்று இழுத்தால் பூட்டிக்கொள்கிறதா என்று பாருங்கள், குழந்தைக்கு உரிய சீட்டைப் பின்னால் மாட்டுங்கள். அப்புறம் சேஸிஸ் எண்ணைக் கொடுத்து குறையைச் சரிசெய்ய நிறுவனமே வண்டியைத் திரும்பப்பெறும் அறிவிப்பு (ரீகால்) ஏதாவது நிலுவையில் இருக்கிறதா என்று கேளுங்கள். டகாட்டா நிறுவனம் செய்த ஏர்பேக் இன்ஃப்ளேட்டர்கள் பல வருட வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் கெட்டுப்போய், விரியும்போது உலோகத் துண்டுகளைச் சிதறடித்து உயிர்களைப் பறித்தன. பல நிறுவனங்களின் கோடிக்கணக்கான கார்கள் அதில் சிக்கின, பழைய கார்கள்தான் அதிகம். இலவசமாகவே மாற்றிக் கொடுக்கிறார்கள், முதல் உரிமையாளருக்குப் போன கடிதம் உங்களுக்கு வந்திருக்காது.

என் வண்டியை விற்கும்போது குறைகளைச் சொல்ல வேண்டுமா? சொன்னால் யார் வாங்குவார்கள்?

சொல்லுங்கள். வாங்க வருகிறவரும் நம்மைப் போல எண்ணி எண்ணிச் செலவு செய்கிற வீட்டுக்காரராகத்தான் இருப்பார். முந்தைய காரை விற்றபோது ஹெட் வேலை நடந்ததையும் சொன்னேன், மூன்றாவது கியர் குளிரில் முரண்டு பிடிப்பதையும் சொன்னேன். விலையில் கொஞ்சம் குறைத்தார், ஆனால் நோட்டை வாங்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டியவர் முன்பணத்தை அன்றைக்கே கொடுத்துவிட்டார். சாவியோடு நோட்டையும் கொடுத்தேன். 'அடுத்து வரப்போவது' பக்கத்தில் இன்னும் இரண்டு வரி அடிக்கப்படாமல் இருந்தது, அவற்றை விரல் வைத்துக் காட்டிவிட்டு வந்தேன்.